கைக்குள் கமரா, கைநழுவும் படங்கள்

எங்கள் உம்மம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட அண்மைக்காலம் வரை எங்கள் வீட்டில் இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற இரண்டு மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டது. உம்மாவையும் மாமாவையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டு உம்மம்மா தெருவில் இறங்கினார். கலியாண அல்பம் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. பிறகு அந்த வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை.

அது எங்கள் கையை மீறி நடந்த இழப்பு. ஆனால் இரண்டாவது இழப்பு எங்கள் கையாலேயே நடந்தது. உம்மம்மாவின் கடைசிப் பத்து வருடங்களில் எடுத்த படங்கள் அத்தனையும் உம்மாவின் கையடக்கத் தொலைபேசியில் இருந்தன. நாலாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். உம்மம்மா வபாத்தாகி நாற்பது நாள் ஆகும் முன்னரே அந்தத் தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. திருத்தக் கொடுத்த இரண்டு இடங்களிலும் கையை விரித்துவிட்டார்கள். குடும்பக் குழுவில் எப்போதோ வட்ஸ்அப்பில் பகிர்ந்த ஒரு படம் மிஞ்சியது. அதைப் பெருப்பித்து அச்சிடக் கொடுத்தபோது முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது.

அதன் பிறகுதான் நான் படம் எடுப்பதைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். நல்ல படம் என்பது இரண்டு பாதிகள் கொண்டது. ஒரு பாதி எடுக்கும் முறை. மறு பாதி எடுத்த பின் அதைக் கையாளும் ஒழுங்கு. எமது கல்லூரி ஊடகக் குழுவில் இருந்து நான் கற்றவற்றை, விலையுயர்ந்த கமரா இல்லாதவர்களுக்கும் பயன்படும் விதமாக இங்கே தருகிறேன்.

ஒளியே மூலப்பொருள்

பஸ்ராவில் சுமார் 965 இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞரை விஞ்ஞானப் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று பலர் நம்பிய காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்க்கிறோம் என்று அவர் ‘கிதாபுல் மனாளிர்’ என்ற நூலில் நிறுவினார். இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒரு விளக்கை மறைத்தால் சுவரில் அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டும் மறைவதை அவதானித்தார். ஐக்கிய நாடுகள் சபை 2015 ஐச் சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது அந்நூலின் ஆயிரம் ஆண்டுகளும் நினைவுகூரப்பட்டன.

இன்றைய கமராவும் அதே இருட்டறைதான். துளையில் வில்லையும், சுவர் இருந்த இடத்தில் ஒளியை மின்னாக மாற்றும் உணரியும் உள்ளன. கொடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975 இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கமரா 0.01 மெகாபிக்சல் அளவான கறுப்பு வெள்ளைப் படத்தையே தந்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. இப்போது நமது கையில் இருப்பது அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நுணுக்கமானது. ஆயினும் ஒளி சரியில்லாவிட்டால் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.

எனவே கமராவை உயர்த்த முன் ஒரு கேள்வி: ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? யன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுத்தால் முகம் இருண்டுவிடும். அவரைத் திருப்பி, யன்னல் ஒளி ஒரு கன்னத்தில் படும்படி நிறுத்தினால் வீட்டுக்குள்ளேயே அழகான படம் கிடைக்கும். நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் கண்களுக்குக் கீழே கரிய நிழல் விழும். அந்த நேரத்தில் மரநிழலையோ விறாந்தையையோ தேடுங்கள். வெளியில் படமெடுக்க அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே மிக நல்லது. அப்போது ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். ஆனால் நமது நாட்டில் பொழுது சாய்ந்ததும் இருள் விரைவாக வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்று கட்டுப்பாடுகள்

உணரியில் பதியும் படத்தின் வெளிச்சத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒரு குழாயிலிருந்து வாளிக்குத் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் விளங்குவது இலகு.

முதலாவது, வில்லையின் துவாரம். இது குழாயின் அகலம் போன்றது. எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும். துவாரம் பெரிதானால் முகம் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் இருக்கும். சிறிதானால் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். மூன்று வரிசையில் நிற்கும் வகுப்புப் படத்தை எஃப் 2 இல் எடுத்தால் கடைசி வரிசை மங்கிவிடலாம். எஃப் 8 பாதுகாப்பானது.

இரண்டாவது, ஷட்டர் வேகம். இது குழாய் திறந்திருக்கும் நேரம். அசையாமல் இருப்பவரை 1/60 செக்கனில் எடுக்கலாம். நடப்பவருக்கு 1/250, இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுபவருக்கு 1/500 அல்லது அதைவிட வேகம் தேவை. படம் கலங்கிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒளி குறைந்த இடத்தில் கமரா தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான்.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எண். வந்த தண்ணீர் போதாதபோது கணக்கில் பெருக்கிக் காட்டுவது போன்றது இது. 400 ஐ 800 ஆக்கினால் படம் இருமடங்கு பிரகாசமாகும். ஆனால் மணல் தூவியது போன்ற புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். 1/60 இலிருந்து 1/125 க்கு வேகத்தைக் கூட்டினால் ஒளி பாதியாகிவிடும். அதை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ.வை இருமடங்காக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் விளங்கிவிட்டால் கமராவின் பாதி இரகசியம் விளங்கிவிட்டது எனலாம். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம். கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது. ஆகவே தயக்கம் வந்தால் வேகத்தையே காப்பாற்றுங்கள்.

தொலைபேசியில் துவாரம் பெரும்பாலும் மாறாது. மற்ற இரண்டையும் அது தானே பார்த்துக்கொள்கிறது. அங்கே நாம் செய்ய வேண்டியவை சில. முதலில் வில்லையைத் துடையுங்கள். சமையலறைக்கும் பைக்குள்ளும் போய்வந்த தொலைபேசியில் விரல் எண்ணெய் படிந்து எல்லாப் படமும் புகைமூட்டமாக வரும். மெல்லிய பருத்தித் துணி போதும். இரண்டாவது, முழங்கைகளை விலாவோடு சேர்த்துப் பிடித்து மூச்சை ஒரு கணம் அடக்கி அழுத்துங்கள். மூன்றாவது, திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துக் குவியத்தைக் காட்டுங்கள். நான்காவது, இரு விரலால் இழுத்துப் பெருப்பிக்காதீர்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் அது படத்தின் ஓரங்களை வெட்டி நடுவை ஊதிக் காட்டுவதுதான். முடிந்தால் இரண்டு எட்டு முன்னே வையுங்கள்.

வெள்ளைச் சீருடையும் கறுப்பு அபாயாவும்

நம்மைப் போன்ற பெண்கள் பாடசாலையில் படமெடுப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது. எங்கள் குழு முதன்முதலாக எடுத்த மாணவத் தலைவியர் படத்தில் சீருடைகள் எல்லாம் தோய்க்காத துணிபோலச் சாம்பல் நிறத்தில் வந்தன. முகங்களோ அடையாளம் தெரியாத அளவுக்கு இருண்டிருந்தன. கமராவில் பழுது என்றே நினைத்தோம். பழுது கமராவில் இல்லை.

கமராவுக்கு முன்னால் இருப்பது என்ன பொருள் என்று தெரியாது. வரும் ஒளியைச் சராசரியாக்கி, அது நடுத்தரச் சாம்பல் அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. சட்டகம் முழுவதும் வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் நிறைந்திருந்தால், ‘ஒளி அளவுக்கு மீறிவிட்டது’ என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும்; முகம் இருளும். கறுப்பு அபாயா அணிந்தவர்கள் நிறைந்த படத்தில் இதற்கு நேர்மாறு. கறுப்பைச் சாம்பலாக்க முனைந்து ஒளியைக் கூட்டிவிடும்; முகங்கள் வெளிறிப்போகும். புதிய தொலைபேசிகள் முகத்தை இனங்கண்டு ஓரளவு சரிசெய்தாலும், முகங்கள் சிறிதாகத் தெரியும் பெரிய குழுப்படங்களில் அவையும் தவறுகின்றன.

தீர்வு எளிது. கமராவில் கூட்டல் கழித்தல் அடையாளமிட்ட பொத்தான் ஒன்று உண்டு. வெள்ளைக்குக் கூட்டல் 1 வரையும், கறுப்புக்குக் கழித்தல் 1 வரையும் வைத்துப் பாருங்கள். தொலைபேசியில் முகத்தைத் தொட்டபின் தோன்றும் சிறு சூரியனை மேலே அல்லது கீழே நகர்த்தினால் போதும். ஓர் எச்சரிக்கை: பர்தாவின் மடிப்புகள் தெரியும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் பின்னர் எந்தத் திருத்தத்தாலும் அவற்றை மீட்க முடியாது.

மண்டப நிகழ்ச்சிகளில் இன்னொரு தொல்லை உண்டு. படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். நமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். மண்டபத்தின் கடைசியில் இருந்துகொண்டு பிளாஷ் அடிப்பதால் பயனில்லை. அந்த ஒளி சில மீற்றர் தூரத்துக்கே எட்டும். முன்வரிசையில் இருப்பவர்களின் தலைகளே வெளிச்சமாகும்.

எடுத்த பின் தொடங்கும் வேலை

இனி இரண்டாவது பாதிக்கு வருவோம். நிகழ்ச்சிக்கு முதல்நாளே மின்கலத்தை ஏற்றி, கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். திகதி பிழையென்றால் பத்து வருடங்களுக்குப் பிறகு படங்களை வரிசைப்படுத்த முடியாது.

நிகழ்ச்சி முடிந்த அன்று இரவே படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கோப்புறை. பெயரைத் திகதியில் தொடங்குங்கள்: ‘2025-03-14 பரிசளிப்பு’ என்று வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கித் தரும். பல கமராக்கள் 9999 வரை எண்ணியபின் மீண்டும் 0001 இலிருந்து தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் பழைய படத்தின் மேல் அதே பெயருள்ள புதிய படம் பதிந்து பழையது அழிந்துவிடக்கூடும்.

அடுத்தது தெரிவு செய்தல். ஒரே காட்சியை எட்டுத் தடவை எடுத்திருப்போம். கண் மூடியவை, கலங்கியவை போக ஒன்றிரண்டை வைத்தால் போதும். ஆனால் குடும்பப் படங்களில் கொஞ்சம் இளகிய மனதோடு தெரிவு செய்யுங்கள். அழகாக இல்லை என்று அழித்த படத்தில்தான் மூத்தவாப்பா கடைசியாகச் சிரித்திருப்பார்.

திருத்தும்போது மூலப்படத்தைத் தொடாமல் அதன் பிரதியிலேயே வேலை செய்யுங்கள். ஜேபெக் வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் சிறிது தரம் குறைகிறது. சரிவை நேராக்கல், தேவையற்ற ஓரத்தை வெட்டல், ஒளியைச் சீராக்கல், நிறத்தைச் சரிசெய்தல், கடைசியாகத் தெளிவைக் கூட்டல் என்ற ஒழுங்கில் செல்லலாம். தொலைபேசியில் ஸ்னாப்சீட், கணினியில் ஜிம்ப் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. கமராவில் ‘ரோ’ வகைத் தெரிவு இருந்தால் முக்கிய நிகழ்ச்சிகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஜேபெக் ஒவ்வொரு நிறத்திலும் 256 படிநிலைகளையே சேமிக்கிறது. 12 பிட் ரோவில் 4096 படிநிலைகள் உண்டு. இருண்ட முகத்தை மீட்க அது பெரிதும் உதவும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல செயலிகள் நாம் கேட்காமலே தோலை வெளுப்பாக்கி, முகத்தை ஒடுக்கித் தருகின்றன. திருத்தம் என்பது அங்கே இருந்த ஒளியைச் சரியாகக் காட்டுவது. அல்லாஹ் படைத்த முகத்தை மாற்றுவதல்ல. பதினைந்து வயதுத் தங்கை ஒருத்தி தன் உண்மையான முகத்தைத் தானே வெறுக்கத் தொடங்குவதற்கு அந்தப் பொத்தான் காரணமாகிவிடக் கூடாது.

மூன்று பிரதிகள்

உலகெங்கும் படப்பிடிப்பாளர்கள் பின்பற்றும் 3-2-1 என்ற ஒழுங்கு ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். தொலைபேசி அல்லது கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று. கூகுள் கணக்கில் 15 ஜிகாபைற் இலவசம். ஒரு படம் 4 மெகாபைற் என்றால் ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு படங்கள் கொள்ளும். மின்னஞ்சலுக்கும் அதே இடம்தான் என்பதைக் கணக்கில் எடுங்கள். தொலைபேசியில் அழித்தால் இணையத்திலும் சேர்ந்து அழியக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு பிரதிகள் கிடைத்ததை உறுதிசெய்த பின்னரே மெமரி கார்டை வெறுமையாக்குங்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதிய படம் மேலே எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளால் பழையதை எடுக்க வாய்ப்புண்டு.

வட்ஸ்அப் சேமிப்பிடமல்ல. சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும். மூலத் தரத்தில் அனுப்ப வேண்டுமானால் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். 6 அங்குலம் × 4 அங்குலப் படத்தை நன்றாக அச்சிட ஏறத்தாழ 1800 × 1200 புள்ளிகள் வேண்டும். ஏ4 அளவுக்கு 3508 × 2480 வேண்டும். எங்கள் உம்மம்மாவின் முகம் ஏன் உடைந்தது என்பது எனக்கு விளங்கிய இடம் இதுதான்.

அச்சிடுவதையும் கைவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் இருபது படங்களையாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயர், இடம், திகதி எழுதி வையுங்கள். பெற்றோர்கள் வீட்டிலுள்ள பழைய படங்களையும் இப்போதே பிரதி எடுக்கலாம். யன்னலோரம் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், தொலைபேசியைப் படத்துக்கு நேர் மேலே சமாந்தரமாகப் பிடித்து எடுத்தால் போதும்.

படமும் ஓர் அமானிதம்

நமது கமராவில் இருப்பது பெரும்பாலும் மற்றவரின் முகம். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம், தோழி பர்தா இல்லாமல் இருந்த படம், யாரோ அழுத படம் ஆகியவற்றை அவர்களின் சம்மதமின்றி யாருக்கும் அனுப்பக் கூடாது. படம் எடுப்பதையே விரும்பாத குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அவர்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்துக் கமராவைத் தாழ்த்துவது நமது கடமை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எடுத்த நேரமும் கமராவின் விபரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் எடுத்த இடமும்கூடப் படத்துக்குள் மறைவாகப் பதிந்திருக்கும். வீட்டில் எடுத்த படம் வீட்டின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கலாம். டொக்கியுமென்டாக அனுப்பும்போது இவையும் சேர்ந்தே போகும். ஆகவே கமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைப்பது நல்லது. இன்று ஒரு முகப்படம் கிடைத்தால் அதைக்கொண்டு போலிப் படம் தயாரிக்கவும் முடிகிறது. அப்படி ஒன்று நடந்தால் பிள்ளை பயமின்றி முதலில் உம்மாவிடமோ வாப்பாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லக்கூடிய வீடும் பாடசாலையும் வேண்டும். ‘நீ ஏன் படம் எடுத்தாய்?’ என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது.

கடைசியாக, தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். சென்ற வருடம் கொழும்பில் உள்ள உறவினர் ஒருவரின் வீட்டில் பழைய படங்களைப் பிரதி எடுக்கச் சென்றேன். அவர்கள் 1990 க்கு முன்னரே யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்துவிட்டவர்கள். ஒரு கலியாணப் படத்தில், பின்வரிசையில் மூன்றாவதாக மெலிந்த இளம்பெண் ஒருத்தி நின்றாள். எனக்கு யாரென்று தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். பென்சிலால் வரிசையாகப் பெயர்கள் எழுதியிருந்தன. மூன்றாவது பெயர் உம்மம்மாவின் பெயர்.

யாரோ ஒருவர் அன்று ஒரு பிரதியை வேறோர் ஊருக்கு அனுப்பி வைத்ததாலும், யாரோ ஒருவர் பெயர்களை எழுதி வைத்ததாலும் அந்த முகம் எங்களுக்குக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். அதை யன்னலோரம் வைத்துப் பிரதி எடுத்து, மூன்று இடங்களில் சேமித்து, ஓர் அச்சுப்பிரதியை உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உன்னப் போலவே இருக்காங்க” என்று மட்டும் சொன்னார்.

இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் தொலைபேசியில் மட்டுமே இருக்கும் படங்களில் இழக்கவே முடியாத பத்தைத் தெரிந்து, இன்னோர் இடத்தில் வையுங்கள். மிகுதியை இன்ஷா அல்லாஹ் மெல்ல மெல்லச் செய்துகொள்ளலாம்.